கரி மூட்டத்தைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

தான்சானியாவில் 2034-க்குள் 80 சதவீத மக்களைத் தூய சமையல் எரிபொருளுக்கு மாற்றும் திட்டம் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நோக்கம் நல்லதே. ஆனால் மரக்கரியைத் தடை செய்தாலே காடு பிழைத்துவிடும் என்ற தொனியை ஏற்க இயலவில்லை. அந்நாட்டின் தார் எஸ் சலாம் நகரில் நான் பணியாற்றியபோது, பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் மாலையில் ஒரு பெயின்ட் டப்பா அளவு கரி வாங்குவார். அவர் வீட்டு கேஸ் அடுப்போ மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. சிலிண்டர் நிரப்ப மொத்தமாகப் பணம் புரட்ட வேண்டுமே!

மரம் பெருமளவு வீணாவது, விறகை அடுக்கி மூடிக் கரியாக்கும் மூட்டத்தில்தான். பழைய மண்மூட்டத்தில் பத்து கிலோ மரத்துக்கு ஒன்றிரண்டு கிலோ கரி தேறினால் அதிகம். புகைபோக்கி வைத்த மூட்டத்தில் இது கணிசமாகக் கூடும். தான்சானியாவின் கிலோசா மாவட்டக் கிராமங்களில் காட்டைப் பாத்திகளாகப் பிரித்து, சுழற்சி முறையில் வெட்டி, வெட்டிய இடத்தை மீண்டும் துளிர்க்க விடுகிறார்கள். சிலிண்டர் மானியத்தோடு, இத்தகைய கிராமங்களுக்கு மூட்டப் பயிற்சியும் விற்பனை உரிமமும் எளிதாகக் கிடைக்க அந்த அரசு வழி செய்ய வேண்டும்.

– வாசகர், திருச்சி