குழந்தையின் இறப்புக்கும் ஒரு தணிக்கை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். 'தண்ணீர்த் தொட்டியில் விழுந்து குழந்தை பலி', 'பாறைக்குழியில் மூழ்கிச் சிறுவன் சாவு', 'கடன் தொல்லை: இரு குழந்தைகளுடன் தம்பதி தற்கொலை' என்று நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் நான்கு வரியில் வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அதன் பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி எந்த அலுவலகத்தில், யார், என்ன கேட்டார்கள் என்ற கேள்வி எனக்கு எழுகிறது. பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதைப் பணிக்காலத்தில் நேரில் கண்டவள் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஓர் ஊரில் தறி ஓட்ட வந்து குடியிருந்த குடும்பத்தின் இரண்டரை வயதுப் பெண் குழந்தை, வாசலில் இருந்த தரைத்தொட்டியில் விழுந்து இறந்தது. விபத்து என்று வழக்குப் பதிந்து, பிரேதப் பரிசோதனை முடித்து, சில வாரங்களில் கோப்பை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் நான் அங்கன்வாடிக்குச் சென்றபோது, அங்கிருந்த பணியாளர் எடைப் பதிவேட்டைத் திறந்து, அந்தக் குழந்தையின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். 10.4, 9.7, 9.2 என்று இருந்தது. மூன்று மாதப் பதிவில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறது. என்னுடைய தடுப்பூசிப் பதிவேட்டில் அதே குழந்தைக்கு ஒன்றரை வயது ஊசி விடுபட்டிருந்தது. இரண்டு முறை தேடிப் போனேன், 'வீடு பூட்டியிருந்தது' என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன் அந்தக் குழந்தைக்குக் கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டிலில் இருந்து விழுந்ததாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்ட மருத்துவமனை, மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னிடம் சொன்னது இது: "ராத்திரியில அந்தப் புள்ள அழுதுட்டே கெடக்குமுங்க. நாம போயிக் கேட்டா நல்லா இருக்குமான்னு சும்மா இருந்துட்டமுங்க."

அது விபத்தாகவே இருந்திருக்கலாம். பெற்றோர்மீது பழி சொல்ல என்னிடம் சான்று ஏதும் இல்லை. இரவு ஷிப்டு முடிந்து வந்து அசந்து தூங்கிய அந்தத் தாய்க்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் எங்கள் நால்வரிடமும் ஆளுக்கொரு செய்தி இருந்தது. அவை நான்கும் குழந்தை உயிரோடு இருந்தபோதும் ஓரிடத்தில் சேரவில்லை, இறந்த பிறகும் சேரவில்லை. 'பூட்டியிருந்தது' என்று நான் எழுதிய அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

இதே சுகாதாரத் துறையில், பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் நடப்பது முற்றிலும் வேறு. நாங்கள் 'டெத் ஆடிட்' என்று சொல்லும் அந்தக் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அமர்ந்திருப்பார். இறந்தவரின் கணவரோ தாயாரோ அழைக்கப்பட்டிருப்பார்கள். வலி எப்போது வந்தது, 108 எத்தனை மணிக்கு வந்தது, முதல் மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள் என்று மணிக்கணக்காக விசாரிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது எங்களுக்குக் கை நடுங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் எங்கே தாமதம், எங்கே ரத்தம் இல்லை, எந்த ஊருக்குச் சாலை சரியில்லை என்பதெல்லாம் அங்கேதான் வெளிவந்தது. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்ததற்கு அந்த விசாரணைகளும் ஒரு காரணம் என்பதை, அவற்றில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

குழந்தை இறப்பை ஆய்வு செய்ய மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஆனால் அது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு நின்றுவிடுகிறது. அதன் நோக்கமும் பெரும்பாலும் நிமோனியா, வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு போன்ற நோய்க் காரணங்களையும் சிகிச்சையில் நேர்ந்த தாமதத்தையும் கண்டறிவதே. காவல் துறையோ குற்றம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. கிராமத்தில் வீட்டிலேயே இறக்கும் குழந்தைக்கு, வீட்டார் சொல்வதைக் கேட்டுக் 'காய்ச்சல்' என்று இறப்புப் பதிவு ஆகிவிடுவதும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் குழந்தைக் கொலையை ஒரு தொகுதியிலும், நீரில் மூழ்கிய இறப்பை விபத்துகளுக்கான இன்னொரு தொகுதியிலும் எண்ணுகிறது. கவனிப்பில்லாமல் விடப்பட்டதால் இறந்த குழந்தைக்கு அங்கே தனித் தலைப்பு இல்லை. பொறுப்பில் உள்ளவர் குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தும் நிலைமை இதுதான். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் ஐயத்துக்கு இடமான முறையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தைக்கு அப்படி ஒன்று இல்லை.

எண்ணிக்கை வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதை நம் மேற்கு மாவட்டங்கள் ஏற்கெனவே கண்டிருக்கின்றன. சேலம், தர்மபுரி வட்டாரங்களில் பெண் சிசுக்கொலையை ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் 'சமூகக் காரணம்' என்று எழுதிவந்த காலம் ஒன்று இருந்தது. மழுப்பலான சொல்தான், இருந்தாலும் அப்படியாவது எழுதியதால்தான் எந்த ஒன்றியத்தில் எத்தனை என்று எண்ண முடிந்தது, மறுக்க முடியாமல் போனது. பெற்றோர் வளர்க்க விரும்பாத பெண் சிசுவை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் சேலத்தில் தொடங்கப்பட்டதை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

வெளிநாடுகளில் இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 1978-லேயே மருத்துவர், காவலர், குழந்தை நலப் பணியாளர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து குழந்தை இறப்புகளை ஆராயும் குழு அமைந்தது. அந்த நாட்டில் 2022-இல் வன்கொடுமையாலும் புறக்கணிப்பாலும் 1,990 குழந்தைகள் இறந்ததாக அரசே மதிப்பிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் வரையறை மாறுவதால் அதுவும் குறைவான கணக்குதான் என்கிறார்கள். இங்கிலாந்தில் 2000-இல் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி உறவினர் வீட்டில் சித்திரவதைப்பட்டு இறந்தபோது, மருத்துவமனை, காவல் துறை, நலத் துறை எல்லாமே அவளை முன்பே பார்த்திருந்ததும், காப்பாற்றக் கிடைத்த வாய்ப்புகள் ஒவ்வொன்றாக நழுவியதும் விசாரணையில் தெரியவந்தது. 2008 முதல் அங்கே பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தையின் இறப்பும், காரணம் எதுவானாலும், ஆய்வுக் குழுவின் முன் வருகிறது.

நாளிதழ்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. மீட்டர் வட்டியாலோ தொழில் நொடித்ததாலோ குடும்பத்தோடு இறந்துபோனவர்கள் பற்றிய செய்திக்குக் 'குடும்பமே தற்கொலை' என்று தலைப்பிடுகிறீர்கள். மூன்று வயதுக் குழந்தை தற்கொலை செய்துகொள்வதில்லை, ஐயா. அந்தப் பெற்றோரின் துயரத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. கடன்காரன் வாசலில் நின்று பேசும் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் 'நாம் போய்விட்டால் பிள்ளைகள் அநாதையாகிவிடும்' என்ற எண்ணத்தை அந்தத் தலைப்பு நியாயம்போல ஆக்கிவிடுகிறது. கொல்லப்பட்ட குழந்தை பெற்றோரின் முடிவுக்குள் ஒரு பகுதியாக மறைந்துபோகிறது. அந்தப் பெற்றோரை முந்தைய மாதங்களில் எந்த ஆசிரியர், எந்த மகளிர் குழு, எந்த மருத்துவர் பார்த்தார், என்ன உதவி கிடைத்திருந்தால் பிள்ளைகள் பிழைத்திருக்கும் என்று யாராவது கேட்க வேண்டாமா?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் இந்த ஏற்பாடு இன்னும் அவசரமானது. தறிக்குடோன், பனியன் கம்பெனி, நூற்பாலை, செங்கல் சூளை என்று வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன; ஓர் ஊர் அங்கன்வாடியில் குறைந்த எடை அடுத்த ஊர் அங்கன்வாடிக்குத் தெரிவதில்லை. பாட்டி வீடு தொலைவில், தாயும் தகப்பனும் ஷிப்டில், ஏழு வயது அக்கா இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அதைப் புறக்கணிப்பு என்று பெற்றோர் தலையில் கட்டுவதா, காப்பகம் நடத்தாத ஆலையைக் கேட்பதா, மூடாத பாறைக்குழிக்கு உரியவரைக் கேட்பதா என்பதை முடிவு செய்யவாவது ஒவ்வொரு இறப்பையும் ஒரு குழு ஆராய வேண்டும்.

எனவே, மாவட்ட ஆட்சியர் தலைமையில், குழந்தை மருத்துவர், தடயவியல் மருத்துவர், காவல் அதிகாரி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், குழந்தைகள் நலக் குழு, அங்கன்வாடித் திட்ட அலுவலர் ஆகியோர் சேர்ந்து, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தையின் இயற்கைக்கு மாறான இறப்பையும், காரணம் தெரியாத இறப்பையும் ஆராய அரசு ஆணையிட வேண்டுகிறேன். இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் அந்தக் குழந்தையைப் பார்த்த அனைவரின் பதிவேடுகளும் அந்த மேசைக்கு வர வேண்டும். உண்மையைச் சொல்லும் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் அதற்காக மெமோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த முறை யாரும் பதிவேட்டைத் திறந்து காட்ட மாட்டார்கள். பெயர்களை நீக்கி ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக எண்ணிக்கையை வெளியிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணை ரேஷன் கடைச் சுவர்களிலும் தறிக்குடோன் வாசல்களிலும் எழுதி வைத்தால், இரவில் அழுகையைக் கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டாருக்கு ஒரு வழி கிடைக்கும்.

அப்படி ஒரு குழு எங்கள் மாவட்டத்தில் அமைந்தால், ஊர் ஊராகச் சென்று விவரம் திரட்டித்தர ஓய்வுபெற்ற செவிலியர்கள் சிலர் ஊதியம் வாங்காமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)