ஆன்டிவைரஸை எடுத்த பிறகு நெட் போனால்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. யாழினிக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல். கம்ப்யூட்டர் சங்கதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஒவ்வொரு வரிக்கும் "எந்தப் பட்டன்?" என்று கேட்பாய். எழுத்தில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம்.

நீ எழுதியதை இப்படிப் புரிந்துகொண்டேன். லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்தது. கடைக்காரர் வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார். இரண்டும் இருந்ததில் மெஷின் நகரவில்லை. பழையதை நீக்கினாய், அன்றிலிருந்து நெட் இல்லை. வைஃபை இணைந்ததாகக் காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. அதே வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது. இதை வைரஸ் வேலை என்று நீ பயப்படுகிறாய். நீக்கிய ஆன்டிவைரஸின் மிச்சம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆன்டிவைரஸ் மற்ற மென்பொருள்களைப் போல மேலோட்டமாக உட்காருவதில்லை. விண்டோஸின் அடித்தளத்தில் குறைந்தது இரண்டு டிரைவர்களை, அதாவது விண்டோஸோடு ஒட்டி இயங்கும் சிறு நிரல்களை, செருகுகிறது. ஒன்று, எந்த ஃபைல் திறந்தாலும் முதலில் தான் பார்க்கும். மற்றொன்று, நெட்வொர்க்கில் போகும் வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தகவல் துண்டையும்) வழிமறித்துப் பார்க்கும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒரே வாசலுக்கு இரண்டு வாட்ச்மேன் போட்ட கதை: ஒருவர் திறந்து பார்க்கும் ஃபைலை அடுத்தவரும் சோதிக்க, அவர் தொட்டதை இவர் மறுபடி சோதிப்பார். உன் மெஷின் நகராமல் போனது இதனால்தான். ஒன்றை நீக்கும்போது திரையில் தெரியும் பகுதி முழுதாகப் போய்விடும். நெட்வொர்க் டிரைவர் மட்டும் சில நேரம் விண்டோஸுக்குள் தங்கிவிடும். அதற்குக் கட்டளை கொடுக்கும் நிரல் இல்லை, ஆனால் வழி மட்டும் அடைபட்டுக் கிடக்கிறது.

முதலில் அதை உறுதிசெய். கமாண்ட் ப்ராம்ப்டில் (கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்) ஐபிகான்ஃபிக் (ipconfig) அடித்து, டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள். பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், அதுதான் உன் ரவுட்டர். அந்த எண்ணைப் பிங் செய்: ping என்று அடித்து, இடம் விட்டு எண்ணைப் போட்டால் பதில் வருகிறதா என்று தெரியும். அடுத்து 8.8.8.8, அது வெளியே இருக்கும் கூகுளின் சர்வர். அதற்கடுத்து ஏதாவது ஒரு தளத்தின் பெயர். ரவுட்டரே பதில் தராவிட்டால் டிரைவர் மிச்சம் அல்லது அடாப்டர் (லேப்டாப்பின் வைஃபை பாகம்). 8.8.8.8 பதில் தந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால் டி.என்.எஸ்., அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை. மூன்றும் பதில் தந்தும் பிரவுசர் மட்டும் திறக்காவிட்டால் ப்ராக்ஸியை (பிரவுசருக்கும் நெட்டுக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகரை) பார்: செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ராக்ஸி இருக்கும். அங்கே 127.0.0.1 என்று ஏதாவது எழுதி ஸ்விட்ச் ஆன் ஆகியிருந்தால், உன் மெஷினிலேயே இருந்த ஏதோ ஒரு நிரல் நடுவில் உட்கார்ந்துவிட்டுத் தன் இடத்தைக் காலி செய்யாமல் போயிருக்கிறது என்று பொருள். அணைத்துவிடு.

ரவுட்டரே பதில் தரவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். ஒவ்வொரு பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனமும் தன் மிச்சத்தைத் துடைக்கத் தனியாக ஒரு நீக்கும் கருவியைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி, ஈசெட் எல்லாவற்றுக்கும் உண்டு. உன் மெஷினில் நெட் இல்லாததால் வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டு வா. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடு. தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளில் போலிகள் கலந்திருக்கும்.

அவாஸ்ட், ஈசெட் போன்றவற்றின் கருவியைச் சேஃப் மோடில்தான் (அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலை) ஓட்ட வேண்டும். அதற்குள் போகும் முன் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் டிஸ்க் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) தானாகவே ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். சேஃப் மோடுக்குப் போகும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். போனில் உன் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். எண் இல்லாமல் அந்த நீலத் திரையில் மாட்டினால் ஆன்டிவைரஸ் பிரச்சினை மறந்தே போகும்.

பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடு. ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 5ஐ அழுத்தினால் நெட்வொர்க்கோடு சேஃப் மோட். லேன் கேபிள் இருந்தால் ரவுட்டரில் செருகிப் பார். அங்கே நெட் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி பிற நிறுவன டிரைவர்தான். கருவியை ஓட்டி முடித்து, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய். கவனி, ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் மெஷினில் ஷட்டவுன் செய்தால் அடித்தளத்தின் நிலையை அப்படியே டிஸ்க்கில் சேமித்துத் திரும்ப எடுக்கும். ரீஸ்டார்ட்தான் டிரைவர்களைப் புதிதாக ஏற்றும்.

இன்னும் நெட் வராவிட்டால் கண்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் வைஃபை மேல் வலது க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திற. டிக் போட்ட பட்டியல் ஒன்று இருக்கும். அதில் பழைய ஆன்டிவைரஸின் பெயரோடு ஏதாவது வரி இருந்தால் தேர்ந்தெடுத்து அன்இன்ஸ்டால் கொடு. மைக்ரோசாஃப்ட், இன்டர்நெட் ப்ரோட்டோகால் என்று தொடங்குபவற்றைத் தொடாதே. கடைசி ஆயுதம் நெட்வொர்க் ரீசெட்: செட்டிங்ஸில் நெட்வொர்க், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதன் அடியில் இருக்கும். எல்லா அடாப்டர்களையும் பிடுங்கி மறுபடி நட்டுவிடும். வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பப் போட வேண்டியிருக்கும், வி.பி.என். இருந்தால் மறுபடி நிறுவ வேண்டிவரும். எடுத்த எடுப்பில் இதைச் செய்துவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள் உண்டு. மிச்ச டிரைவர் இருக்கும்போது ரீசெட் செய்தால் அது புது அடாப்டரிலும் ஒட்டிக்கொள்ளலாம். அதனால்தான் கருவியை முதலில் ஓட்டச் சொன்னேன்.

நெட் வந்ததும், யார் காவலில் இருக்கிறார் என்று பார். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, இடது மூலையின் கீழே உள்ள பல்சக்கரக் குறி, பிறகு மேனேஜ் ப்ரொவைடர்ஸ். ஆன்டிவைரஸ், ஃபயர்வால் என்று தனித்தனியாக யார் பெயர் இருக்கிறது, ஆன் ஆகியிருக்கிறதா என்று அங்கே காட்டும். எந்தக் கோளாறுக்கும் நான் முதலில் திறப்பது இந்தப் பக்கம்தான். வேறு ஆன்டிவைரஸ் பதிவு செய்துகொண்டால் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும், அது இயல்பு. யாருமே ஆன் இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். இது உன் நிர்வாகியின் கட்டுப்பாட்டில் உள்ளது என்ற மாதிரி ஒரு வரி வீட்டு மெஷினில் தெரிந்தால், "வேகப்படுத்தும்" மென்பொருள் விண்டோஸின் பாலிசி அமைப்பு எதையோ மாற்றியிருக்கும், அல்லது உண்மையிலேயே ஏதோ புகுந்திருக்கும். அப்போது ஸ்கேன் ஆப்ஷன்ஸில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டு. மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுக் கொடு.

காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று கேட்டாய். வீட்டு உபயோகத்துக்கு டிஃபெண்டர் போதும் என்பது என் கட்சி. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று வாங்கு. 1991 முதல் நம் சென்னையில் இருந்தே கே7 வருகிறது, பூனேயில் இருந்து குவிக் ஹீல் வருகிறது. எதுவானாலும் புதியதைப் போடும் முன் பழையதை முழுக்கத் துடைத்துவிடு. இலவசம் என்பதற்காக எதையாவது போட்டுக்கொள்ளாதே. பயனர்கள் எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக அவாஸ்டை 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

இனி பிரிண்டர். ரவுட்டரை மாற்றிய பிறகுதான் காணாமல் போனது என்று எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரியே போதும். புது வைஃபையை விண்டோஸ் 11 "பப்ளிக்" என்றே எடுத்துக்கொள்ளும், பஸ் ஸ்டாண்டு வைஃபையை எப்படி நம்பாதோ அப்படி. செட்டிங்ஸில் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய் "பிரைவேட்" என்று மாற்று. பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும்.

சரியாகாவிட்டால் ஃபயர்வாலின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாக வெளியே போவதைத் தடுப்பதில்லை. கேட்காமல் உள்ளே வருவதைத்தான் தடுக்கும். ஆகவே பிரவுசர் திறக்காததற்கு அதைத் திட்டிப் பயனில்லை. ஸ்கேனர், ஃபைல் பகிர்வு, வீட்டுக்குள் விளையாடும் கேம் இவையெல்லாம் உள்ளே வரும் இணைப்பைக் கேட்பவை, இவற்றில்தான் அது குறுக்கிடும். புதிய நிரல் ஒன்று முதல்முறை ஓடும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும் அல்லவா? அதில் கேன்சல் அழுத்தினால் "பிறகு பார்க்கலாம்" என்று அர்த்தமில்லை. அந்த நிரலுக்குத் தடை விதியே எழுதிவிடும், டி.சி.பி., யு.டி.பி. என்ற இரண்டு தொடர்பு முறைகளுக்கும் ஒவ்வொன்று. பெட்டியும் மறுபடி வராது. நீ அனுமதி விதி எத்தனை சேர்த்தாலும் தடை விதி இருக்கும்வரை அதன் பேச்சுதான் செல்லும். ஃபயர்வால் பக்கத்தின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இன்பவுண்ட் ரூல்ஸைத் திற. பிரிண்டர் மென்பொருளின் பெயரில் சிவப்புத் தடைக்குறியோடு இருப்பவற்றை அழித்துவிட்டு, நிரலை மறுபடி திற. பெட்டி வரும், பிரைவேட்டுக்கு மட்டும் அனுமதி கொடு.

அதற்கும் மசியாவிட்டால் ஊகிக்காதே, பதிவைப் பார். அதே அட்வான்ஸ்டு ஜன்னலில் ஃபயர்வாலின் ப்ராப்பர்ட்டீஸ், பிரைவேட் ப்ரொஃபைல், லாகிங். தடுத்த பாக்கெட்டுகளைப் பதிவு செய் என்பதற்கு யெஸ் கொடு. ஃபைல் எங்கே இருக்கிறது என்று அங்கேயே எழுதியிருக்கும். பிரிண்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பதிவை அட்மினாகத் திறந்தால், பிரிண்டரின் ஐ.பி. எண் உள்ள டிராப் வரிகள் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் ஃபயர்வால், இல்லையென்றால் அதன் மேல் பழி போடாதே. பார்த்து முடித்ததும் பதிவை அணை.

ஐந்து நிமிடம் ஃபயர்வாலை அணைத்துச் சோதிப்பதில் தவறில்லை. அணைத்தே வைத்திருப்பதும், சர்வீசஸ் பட்டியலில் போய் அந்தச் சேவையை நிறுத்துவதும் கூடாது. சேவையை நிறுத்தினால் ஸ்டார்ட் மெனுவும் ஸ்டோர் ஆப்புகளும்கூடக் கோளாறு செய்யும், அதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, ஃபைல் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் (நெட்வொர்க் வாசல்) வழியாகத்தான் மெஷினுக்கு மெஷின் பரவியது. அந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆகவே ஃபயர்வாலோடு அப்டேட்டும் வேண்டும், அப்பாவின் அறையில் இருக்கும் விண்டோஸ் 10 மெஷினுக்கும் இது பொருந்தும். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. வைரஸ் பட்டியல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தாலும் அது ஓட்டையை அடைக்காது. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் சேர், அல்லது அதில் வங்கி வேலை செய்யாதே.

அந்த மெஷினில் எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ் (தளம் உண்மையானதுதான் என்று காட்டும் அடையாளச் சீட்டு) எச்சரிக்கை வருகிறது, ஆன்டிவைரஸும் அப்டேட் ஆகவில்லை என்றாயே, முதலில் தேதியைப் பார். பழைய டெஸ்க்டாப் என்பதால் மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி பின்னால் போனால் எந்தச் சான்றிதழும் செல்லாது. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், சான்றிதழை வழங்கியவர் யார் என்று பார். ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் அது உன் எச்.டி.டி.பி.எஸ். தொடர்பை (தளத்தோடு பூட்டிய தொடர்பை) நடுவில் பிரித்துப் பார்க்கிறது. அதன் அமைப்பில் அந்த ஸ்கேனை மட்டும் அணைத்துவிட்டுப் பிரவுசரை மூடித் திற.

உன் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை ஆன்டிவைரஸ் குவாரன்டீனில் (ஓடவிடாமல் தனியே அடைத்து) போட்டது ஆச்சரியமில்லை. அந்த மாதிரி நிரல்கள் நீ அடிக்கும் விசையை இடையில் பிடித்துத்தான் எழுத்தை மாற்றுகின்றன, நீ அடிப்பதை ரகசியமாகப் பதியும் கீலாகரும் அதையேதான் செய்கிறது. நிறுவும் ஃபைலை, பல ஆன்டிவைரஸ்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார். எழுபது சொச்ச எஞ்சின்களில் ஒன்றிரண்டு மட்டும் பொதுவான பெயர் சொன்னால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. பெரிய நிறுவனங்கள் ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் நம்பி அழித்துவிடு. சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதே, ஏற்றியது மற்றவர்கள் கைக்கும் போகும். 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு அப்டேட் விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த சிஸ்டம் ஃபைலையே வைரஸ் என்று பிடித்துப் பல மெஷின்களைப் படுக்கவைத்தது. ஆகவே ஆன்டிவைரஸ் சொன்னது வேதவாக்கு இல்லை. ஸ்கேனிலிருந்து விலக்கு கொடுக்கும்போது அந்த மென்பொருளின் ஃபோல்டருக்கு மட்டும் கொடு. டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கோ முழு சி டிரைவுக்கோ கொடுக்காதே.

வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று வருவது குரோமின் நோட்டிஃபிகேஷன், வைரஸ் எச்சரிக்கை அல்ல. சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸில் தெரியாத தளங்களை நீக்கு. அதில் வரும் எண்ணுக்கு அண்ணி ஏற்கெனவே போன் செய்து பணம் எதுவும் கட்டியிருந்தால், தயங்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே சொல்லச் சொல். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு.

பிங்கில் வந்த மூன்று பதில்களையும், மேனேஜ் ப்ரொவைடர்ஸ் பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பு. நீக்கும் கருவியை ஓட்டும் முன் அனுப்பினால் நல்லது. அடுத்த மாதம் மதுரைக்கு வரும்போது அந்தப் பேட்டரியை நானே வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
குமரேசன்