குறுக்குத்துறையில் துண்டு கொடுத்த அண்ணாச்சிக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை, திருநெல்வேலி குறுக்குத்துறையில் எங்கள் ஆச்சியின் அஸ்தியைக் கரைக்கப் போயிருந்தோம். முருகன் கோயில் பக்கம் தாமிரபரணியில் தண்ணீர் கொஞ்சம் இழுப்பாகத்தான் ஓடியது. பாசிப் படியில் அப்பா வழுக்கினார். கலயத்தை விட மனசில்லாமல் இரண்டு கையாலும் அணைத்திருந்ததால் பிடிமானம் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த நீங்கள்தான் சோப்பு நுரைக் கையோடு பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்தீர்கள். நான் மேல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் அவரோடு நின்று, "மெதுவா விடுங்க அண்ணாச்சி, ஆத்தோட போகட்டும்" என்றீர்கள்.

பல் போன பிறகும் வெற்றிலையைச் சின்ன உரலில் இடித்துப் போட்டவள் ஆச்சி. சொதிக் குழம்பு வைத்தால், தேங்காயின் தலைப்பாலை ஊற்றியதும் அடுப்பை அணைக்கச் சொல்லி அடுக்களையில் காவல் நிற்பாள். அதையெல்லாம் அப்பா ஈர வேட்டியோடு உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனுஷன்.

உங்கள் பச்சைக் கரைத் துண்டு எங்களிடமே தங்கிவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை, மன்னிக்கணும். ரொம்ப நன்றி அண்ணாச்சி. வருகிற செவ்வாய்க்கிழமை காலை அதே படிக்கு வருகிறேன்.