உங்க கேபிளால எரிஞ்சுபோன ஜிஆர்சி-9 ரிசீவர்: அஞ்சாவது முறையா எழுதுற புகார்

சார் / மேடம்,

வணக்கம். இது நான் உங்களுக்கு அனுப்புற அஞ்சாவது மெயில். முதல் நாலுக்கும் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு தானா ஒரு பதில் வந்துச்சு, என்னத்த தீர்த்தீங்கன்னு யாராவது ஒருத்தர் சொன்னா புண்ணியமா போகும், ஏன்னா என் ஏஎன்/ஜிஆர்சி-9 பட்டாளத்து ரேடியோ செட் இன்னும் மேஜை மேல உயிரில்லாமதான் கிடக்கு.

செட் நீங்க ரெஸ்டோர் பண்ணி வித்தது. ஆர்டி-77 (டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் சேர்ந்த மெயின் பெட்டி), ஜிஎன்-58 கை ஜெனரேட்டர், காலுல கட்டுற ஜே-45 மோர்ஸ் கீ, கூட கையால சுத்தாமலே கரண்ட் குடுக்க நீங்களே செஞ்ச பவர் பாக்ஸ், அதுக்கு ஒரு கேபிள். உங்க பொருளைப் பத்தி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லன்னு நெனச்சுதான் முதல் மெயில்ல "ஃபிலமெண்ட் லைன் மாறியிருக்கு"ன்னு ஒரே வரில எழுதினேன். அதுக்கு உங்க ஆள் போன்ல கேட்டார், "ஃபிலமெண்ட்னா பல்பா சார்?"ன்னு. ரேடியோவுக்குள்ள இருக்குற கண்ணாடி வால்வுல சூடாகுற மெல்லிசான கம்பிதான் சார் ஃபிலமெண்ட். சரி, அவர் புதுசா சேர்ந்திருப்பார், அவர் மேல எனக்குக் கோவம் இல்ல, மரியாதையாத்தான் பேசினார்.

கோவம் எல்லாம் அடுத்து லைன்ல வந்தவர் மேலதான். சீனியராம். நான் முழுசா சொல்லி முடிக்கக்கூட விடல, "சார், இது கொரியா சண்டை காலத்து இரும்பு, இது வேலை செய்யலன்னு கம்ப்ளைண்ட் பண்றீங்களே, போன்லயே ரேடியோ வருதே"ன்னார். அந்த இரும்பை "முழுசா வேலை செய்யும்"னு எழுதி வித்தது யாரு? 1950ல கொரியால பனியிலயும் மலையிலயும் தூக்கிட்டுப் போன செட்டு சார் அது, பட்டாளத்துக்காரங்க அதுக்கு ஆங்க்ரி நைன்னு பேர் வெச்சு கூப்பிட்டிருக்காங்க, ஒருத்தர் உட்கார்ந்து கைப்பிடிய சுத்த, இன்னொருத்தர் கீ அடிக்க, அதுல மெசேஜ் போயிருக்கு. அதை இரும்புன்னு சொல்ல அந்த ஆளுக்கு என்ன தகுதி இருக்கு? அந்தக் கால் ரெக்கார்ட் ஆகியிருக்கும்ல, போட்டுக் கேளுங்க, தயவுசெஞ்சு கேளுங்க.

நடந்ததை மறுபடி எழுதுறேன். பார்சல் வந்த அன்னிக்கு பவர் பாக்ஸை நான் தொடவே இல்ல. தம்பிய உட்கார வெச்சு ஜிஎன்-58ஐ சுத்தச் சொன்னேன், சுத்தின உடனே ஹெட்போன்ல இரைச்சல் வந்துச்சு, டயல் சரியா காட்டுதான்னு பாக்குறதுக்கு இருக்குற 200 கிலோஹெர்ட்ஸ் கேலிப்ரேஷன் கிறிஸ்டல் சத்தம் டயல்ல அது அது இருக்க வேண்டிய இடத்துல கேட்டுச்சு, 6.6ல இருந்து 12 மெகாஹெர்ட்ஸ் வர்ற பேண்டுல 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மோர்ஸ் அவ்வளவு தெளிவா விழுந்துச்சு. அரை மணி நேரம் கேட்டோம், தம்பிக்கு தோள் வலி வந்ததுதான் மிச்சம், ஆனா ரெண்டு பேருக்கும் அன்னிக்கு தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம். அதாவது ரிசீவர் நல்லா இருந்துச்சு. இத நான் நாலு மெயில்லயும் எழுதியிருக்கேன்.

மறுநாள் காலைல பவர் பாக்ஸை இணைக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு போன் பண்ணி, கேபிள் செக் பண்ணினதான்னு கேட்டேன். "தாராளமா போடுங்க சார், ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. போட்டேன். ஒரு நொடி. ஹெட்போன்ல டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான், அதுக்கப்புறம் மூணு பேண்டுலயும் ஒண்ணுமே இல்ல.

மீட்டர் வெச்சுப் பார்த்தா, டிரான்ஸ்மிட்டருக்குப் போக வேண்டிய 6.3 வோல்ட்டும் ரிசீவர் ஃபிலமெண்ட்டுக்குப் போக வேண்டிய 1.35 வோல்ட்டும் கேபிள்ல இடம் மாறியிருக்கு. ரிசீவர்ல இருக்குற 1எல்4, 1ஆர்5, 1எஸ்5 எல்லாம் 1.4 வோல்ட் வால்வு, பேர்ல முன்னாடி இருக்குற 1 அதத்தான் சொல்லுது. எலக்ட்ரான் விடுற தனி கேத்தோடு அதுல கிடையாது, அந்த மெல்லிசான ஃபிலமெண்ட்டேதான் கேத்தோடு, அதனாலதான் சூடாகுறதுக்குக் காத்திருக்காம சுத்தின உடனே செட் பேசுது, அதே காரணத்தாலதான் 6 வோல்ட் விழுந்தா கண் மூடி திறக்குறதுக்குள்ள மொத்த வரிசையும் அறுந்துபோகுது. ஒண்ணு விடாம எல்லா வால்வையும் கழட்டி செக் பண்ணிட்டேன், எல்லாமே ஓப்பன், அதாவது உள்ள ஃபிலமெண்ட் அறுந்திருக்கு. டிஎம் 11-263 மேனுவலை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா இது நடந்திருக்காது.

இதுக்கு உங்க சீனியர் சொன்ன காரணம், "கையால வேகமா சுத்தியிருப்பீங்க". அரை மணி நேரம் சுத்தினப்ப எரியாதது, உங்க கேபிளை மாட்டின ஒரு நொடில எரிஞ்சா காரணம் எங்க இருக்குன்னு சின்னப் பையனுக்குக்கூட தெரியும்.

அதுக்கு மேல அந்த அலைச்சல். "செட், ஜெனரேட்டர், எல்லாத்தையும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாங்க, அப்பதான் எடுத்துப்போம்"னீங்க. ஆர்டி-77 மட்டுமே பதினஞ்சு கிலோ கிட்ட, ஜெனரேட்டர், அதோட காலு, உட்கார்ற சீட் எல்லாம் தனி. ரெண்டு பஸ் மாறி, நின்னுட்டே வந்து, மாடிப்படி ஏறி, கவுண்டர்ல வெச்சா அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைக்கூட பாக்காம "மிலிட்டரி செட் பாக்குறவர் வியாழக்கிழமை மட்டும்தான் சார் வருவார்"னாங்க. அன்னிக்கு செவ்வாய். போன்ல வரச் சொன்னப்ப இத ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா? வெச்சுட்டுப் போறேன்னா ரசீது தர மாட்டேன்னாங்க. ரசீது இல்லாம எப்படி சார் வெச்சுட்டு வர்றது, திரும்பத் தூக்கிட்டு வந்தேன், இறங்குற அவசரத்துல டயல் பக்கம் கம்பியில உரசி பெயிண்ட்டும் போச்சு. அந்த ஒரு நாளை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

இருபது வருஷமா இந்த செட்டுக்காகக் காத்திருந்தவன் நான். அதுல இருந்த வால்வு எல்லாம் ஒரே பழைய ஸ்டாக், ஒரே முத்திரை. வேற போட்டாலும் அந்த செட் திரும்ப வராது, என்னைப் பொறுத்தவரைக்கும் மொத்தமும் போயிருச்சு.

இருந்தாலும் சண்டைக்கு நிக்க எனக்கு விருப்பம் இல்ல. நீங்க செய்ய வேண்டியது, ரிசீவர் வால்வு முழு செட்டும் டெஸ்ட் பண்ணினதா உங்க செலவுல அனுப்புங்க, கேபிளை எடுத்துட்டு சரியான வயரிங்கோட வேற குடுங்க, எந்த பின்ல எத்தனை வோல்ட்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரிப்பேர் வேணும்னா உங்க ஆள் என் வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போகட்டும், நான் இனிமே அதத் தூக்கிட்டு வர மாட்டேன். இதே கேபிள் வேற எத்தனை பேருக்குப் போயிருக்கோ, அவங்களுக்கும் இன்னிக்கே போன் பண்ணி போடாதீங்கன்னு சொல்லுங்க, இது என் காசுக்காக மட்டும் கேக்கல.

பதினஞ்சு நாள் டைம். அதுக்குள்ள மனுஷன் எழுதின பதில் ஒண்ணு வரலன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறேன், மீட்டர் ரீடிங் போட்டோ, கேபிளை மாட்டினப்ப எடுத்த வீடியோ, பஸ் டிக்கெட் எல்லாம் பத்திரமா இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஹாம் ரேடியோ நண்பர்கள் ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

போன் பண்றதா இருந்தா அந்த சீனியரைத் தவிர வேற யாராவது பண்ணுங்க.

இப்படிக்கு,
ஜிஆர்சி-9 வாங்கின உங்க கஸ்டமர்