இரவில் ஓட்டாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் காகிதம். நாஷ்வில் விலாசத்துக்கே போடுகிறேன், உங்கள் ப்ளூகிராஸ் குழுவோடு ஊர் ஊராக வாசித்துவிட்டு நீ எப்போது திரும்பினாலும் கிடைக்கும்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. கேரியில் இந்த வருஷம் குளிர் முன்னாலேயே வந்துவிட்டது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: தாத்தா வயலினை ராத்திரி வேனிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதே. ஹீட்டர் ஓடும் அறையிலும் திறந்து வைக்காதே, காற்று காய்ந்து மரம் வெடித்துவிடும். பெட்டிக்குள் வைக்க ஈரம் காக்கும் பை இரண்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். அப்புறம், நிகழ்ச்சி முடிந்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள். அந்த ஊரிலேயே படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். அறை வாடகை நான் தருகிறேன்.

கிதார் வாசித்த கிளாரன்ஸ் ஒயிட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1973 ஜூலையில் கலிஃபோர்னியாவின் பாம்டேலில் வாசித்து முடித்து, வாத்தியங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது குடித்துவிட்டு ஓட்டிவந்த ஒருவரின் கார் மோதி இறந்துபோனார். வயது 29. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏற்றும்போதும் சாலைப் பக்கம் நிற்காதே.

போன வாரம் உங்கள் புது போஸ்டரை அம்மா காட்டினாள். பான்ஜோ பையன் தாடி வளர்த்திருக்கிறான். மாண்டலின் பெண் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். படம் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஃப்ரிட்ஜில் பழைய போஸ்டரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நான் இப்போது நிறையப் படிக்கிறேன். உங்கள் ப்ளூகிராஸ் இசைக்கே பெயர் கொடுத்த குழு, பில் மன்றோவின் ப்ளூ கிராஸ் பாய்ஸ், அதில் மட்டும் மொத்தம் 150 பேருக்கு மேல் வாசித்திருக்கிறார்களாமே? 1939-இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி மேடை நிகழ்ச்சியில் சேர்ந்ததிலிருந்து 1996-இல் அவர் இறக்கும் வரை ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்திருக்கிறார்கள். சிலர் சில மாதம், சிலர் பல வருஷம். அங்கிருந்து போனவர்களை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. ஒரு காலத்தில் அங்கே வாசித்தார் என்பதையே பெருமையாகச் சொல்கிறார்கள். போரின்போது பிடில் வாசித்த ஹௌடி ஃபாரஸ்டர் கடற்படைக்குப் போய்விட, அவர் மனைவி சாலி ஆன் அக்கார்டியனோடு குழுவில் இருந்திருக்கிறார். பெயரிலேயே பாய்ஸ் என்றிருந்த குழுவில், 1943-இலேயே ஒரு பெண். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

மன்றோ குழுவில் நீ எப்போதும் சொல்லும் அந்த ஐந்து பேரையும் தேடிப் படித்தேன். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் நம் வட கரோலினாக்காரர், ஷெல்பி பக்கம் ஃப்ளின்ட் ஹில். நாலு வயதில் அப்பா போய்விட்டார். போர்க்காலத்தில் நூல் மில்லில் வேலை. லெஸ்டர் ஃப்ளாட்டும் டென்னஸியிலிருந்து வந்த மில் தொழிலாளிதான். சப்பி வைஸ் ஃப்ளோரிடாவில் டாக்சி ஓட்டியவர். பாஸ் வாசித்த ஹோவர்ட் வாட்ஸ் மேடையில் கோமாளி வேஷமும் போட்டிருக்கிறார். மன்றோ கென்டக்கியின் ரோசீனில் எட்டுப் பிள்ளைகளில் கடைசி. அண்ணன்மார் பிடிலையும் கிதாரையும் எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மாண்டலினை இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் அதிகம் வரக்கூடாது என்று எட்டுத் தந்தியில் நாலுதான் மாட்டச் சொன்னார்களாம். பத்து வயதில் அம்மா இல்லை, 16 வயதில் அப்பாவும் இல்லை. அப்புறம் பிடில் வாசிக்கும் பெண்ட்லெடன் மாமா வீட்டில்தான் இருந்திருக்கிறார். அந்த மாமாவோடும், ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடும் ஊர் நடனங்களுக்குப் போய் வாசித்துத்தான் அந்தக் கை வந்திருக்கிறது. யாரும் பட்டம் வாங்கிவிட்டு வரவில்லை. இதை நான் சொல்வேன் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

அதற்காக நீ செய்ததெல்லாம் சரி என்று சொல்லவில்லை. அந்த வேலையை விடும்போது எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதுரைப் பெரியப்பா போன் செய்து கேட்டுத்தான் எங்களுக்குத் தெரியவேண்டுமா? தீபாவளிக்கு நடந்ததை மறுபடி எடுக்கவில்லை. அதை விடு.

ஸ்க்ரக்ஸ் வந்து சேர்வதற்கு முன் ஃப்ளாட்டுக்குப் பான்ஜோவே வேண்டாம் என்றிருந்ததாம், வேகத்துக்கு இடைஞ்சல் என்று. மூன்று விரலில் அந்தப் பையன் வாசித்ததைக் கேட்ட பிறகு பேச்சில்லை. கேட்காமலே வேண்டாம் என்று சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நான் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் ராலே ஃபயட்வில் தெருவில் உங்கள் நிகழ்ச்சி நடந்தபோது, பார்க்கிங் கிடைக்கவில்லை, திரும்பிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அது பொய். கடைசி வரை நின்றேன், அந்த எலுமிச்சை ஜூஸ் கடைக்குப் பின்னால். ஐந்து பேரும் ஒற்றை மைக்கைச் சுற்றி நின்றீர்கள். உன் முறை வந்ததும் பான்ஜோ பையன் தோளைச் சாய்த்து வழிவிட்டான், நீ உள்ளே போனாய். இரண்டு தந்தியைச் சேர்த்து இழுத்துக்கொண்டே மேலே ஏறினாய் பார், அந்த இழுப்பு தாத்தாவுடையது. அவர் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசித்தார். நீ நின்றுகொண்டு, காலால் தாளம் போட்டபடி வாசித்தாய். வாத்தியமும் அதேதான், கையும் அதேதான். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் பெண் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

அக்டோபரில் அம்மாவும் நானும் ஷெல்பிக்குப் போனோம். பழைய கோர்ட் கட்டடத்தில் ஸ்க்ரக்ஸுக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், நீதான் முன்பு போகச் சொன்னாய். சின்ன வயதில் அவரும் அண்ணன் ஹோரஸும் ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். இரண்டு பேரும் ஒரு பாட்டைச் சேர்ந்து ஆரம்பித்து, வாசித்துக்கொண்டே வீட்டை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றுவார்கள். மறுபக்கம் சந்திக்கும்போது தாளம் இன்னும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அம்மா இதை வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றரை மணி நேரம். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். நீயும் அப்படிச் செய்.

1948-இல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் மன்றோவை விட்டுப் போய்த் தனிக் குழு ஆரம்பித்தார்கள். அதன்பின் மன்றோ ஃப்ளாட்டோடு பேசவே இல்லை. ஒரே ஓப்ரி மேடைக்குப் பின்னால் எத்தனை சனிக்கிழமை எதிரெதிரே நடந்திருப்பார்கள்! கடைசியில் 1971-இல், இண்டியானாவில் பீன் ப்ளாசம் திருவிழாவில்தான் ஒரே மேடையில் கைகொடுத்துக்கொண்டார்கள். நடுவில் 23 வருஷம். அதற்கப்புறம் ஃப்ளாட் உயிரோடு இருந்தது எட்டு வருஷம். எனக்கு இப்போது 64, பாப்பா.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை நான். எழுத நினைத்தது வேறு.

நீ பத்தாவது படிக்கும்போது மெபேனுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டாய். ஜோ தாம்ப்சன் வீட்டுக்கு. 92, 93 வயதுக் கிழவர், மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தன் அப்பாவிடம் பிடில் கற்றவர். பக்கவாதம் வந்தும் திரும்ப வாசித்தவர். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவில் மூன்று பேரும் வியாழக்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போய்த்தான் கற்றார்கள், யார் வந்தாலும் சொல்லிக்கொடுப்பாராம் அப்பா, ஒரே ஒரு தடவை என்றாய். நான் எஸ்ஏடி வகுப்பு இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் கேட்டாய். பரீட்சை முடியட்டும் என்றேன். கிறிஸ்துமஸ் லீவில் கேட்டாய். டல்லஸ் அத்தை வந்திருக்கிறாள் என்றேன். பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டார். சமையலறையில் நின்று பேப்பரை எனக்குக் காட்டினாய். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வயதானவர்தானே என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டாய்.

வகுப்பு ஒரு காரணமே இல்லை. அங்கே போனால் நீ திரும்பி வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தாத்தா மடியில் உட்கார்ந்து நீ கேட்ட மாதிரியே அவர் காலடியிலும் உட்கார்ந்துவிடுவாய் என்று தெரியும். அதற்குப் பயந்துதான் மூன்று தடவையும் பொய் சொன்னேன். நீ எப்படியும் போய்ச் சேர்ந்தாய், ஆனால் அவரிடம் கேட்காமலே சேர்ந்தாய். அது என்னால். தீபாவளிக்கு நீ என்ன சொன்னாயோ அதில் இது இல்லை. சொல்லியிருக்கலாம், நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

உன் அறையில் அம்மா தைக்கும் மெஷினைப் போட்டிருந்தாள், அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். வாசிக்க இடம் வேண்டுமே. எத்தனை நாள் என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டோம். அடுத்து எந்த ஊர் என்றும் கேட்கமாட்டேன். வருவதானால் பகலில் கிளம்பி வா. மலைப்பாதையில் நாற்பதாம் நெடுஞ்சாலை பனிக்காலத்தில் நல்லதில்லை. களைப்பாக இருந்தால் ஆஷ்வில்லில் தங்கிவிடு. போன் செய், எந்த நேரமானாலும் நான்தான் எடுப்பேன்.

போன வியாழக்கிழமை நான் மட்டும் மெபேனுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. எவ்வளவு தூரம் என்று பார்க்கத்தான். வீட்டு வாசலிலிருந்து ஐம்பது நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்புடன்,
அப்பா