கிளீன் ஷீட்டை மட்டும் எண்ணாதீர்கள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2004-05 பருவம் முதல் கோல்கீப்பர்களுக்கு நீங்கள் தரும் கோல்டன் குளோவ் விருதுக்கு ஒரே அளவுகோல்தான்: யார் அதிக ஆட்டங்களைக் கோல் வாங்காமல் முடித்தார், அதாவது யாரிடம் அதிக 'கிளீன் ஷீட்' என்பது. அதை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதல் விருதைப் பெற்ற செல்சியின் பீட்டர் செக்கிடம் 24 கிளீன் ஷீட் இருந்தன. அபாரமான கோல்கீப்பர், மறுபேச்சில்லை. ஆனால் அந்தப் பருவம் முழுக்கச் செல்சி வாங்கியதே 15 கோல்தான். அவருக்கு முன்னால் தற்காப்பில் டெர்ரியும் கர்வாலோவும் மக்கலேலேவும் நின்றார்கள். அந்த 24-இல் செக்கின் கைகளுக்கு எவ்வளவு பங்கு, டெர்ரியின் கால்களுக்கு எவ்வளவு பங்கு? உங்கள் கணக்கில் அதற்கு விடை கிடையாது.

சேவ் சதவீதமும், அதாவது வலையை நோக்கி வந்த ஷாட்களில் எத்தனை சதவீதத்தைத் தடுத்தார் என்பதும், ஏமாற்றும். ஒருவருக்குப் பத்து ஷாட் வருகிறது. எல்லாம் தொலைவிலிருந்து, நேரே கைக்கு. ஒவ்வொன்றும் கோலாக 5 சதவீத வாய்ப்புதான். ஒன்றை விடுகிறார். இன்னொருவருக்கு நான்கே ஷாட், எல்லாம் ஆறு கெஜத்துக்குள்ளிருந்து மூலை பார்த்து, தலா 60 சதவீத வாய்ப்புடன். இரண்டை விடுகிறார். முதலாமவருக்கு 90 சதவீதம், இரண்டாமவருக்கு 50. ஆனால் முதலாமவர் வாங்கியிருக்க வேண்டியது 0.5 கோல், வாங்கியது 1. இரண்டாமவர் வாங்கியிருக்க வேண்டியது 2.4, வாங்கியது 2. அணியைக் காப்பாற்றியவர் யார்?

இந்தக் கணக்கைப் போட இன்று வழியிருக்கிறது. ஷாட் எங்கிருந்து வந்தது, கம்பங்களுக்கு நடுவே எந்த இடத்தை நோக்கிப் போனது என்று பார்த்து, அதைப் போன்ற பழைய ஷாட்களில் எத்தனை கோலாயின என்று ஒப்பிடுகிறார்கள். கிடைக்கும் கூட்டுத்தொகையில் வாங்கிய கோலைக் கழித்தால் 'தடுத்த கோல்' எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இதற்கும் குறையுண்டு. பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் அடிக்கப்படும் கிராஸைப் பாய்ந்து பிடித்து, ஷாட்டே வராமல் செய்த கீப்பருக்கு இதில் ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காது. அதைத் தனியாக எண்ண வேண்டும். சில வாரத்துக் கணக்கை நம்பி ஒருவரைப் புகழ்வதும் இகழ்வதும் தவறு.

2024-25-இல் கோல்கீப்பர்கள் ராயாவும் செல்ஸும் தலா 13 கிளீன் ஷீட்டோடு விருதைப் பகிர்ந்தார்கள். ஒருவர் ஆர்சனலுக்கு ஆடினார், மற்றவர் பெரும்பாலும் பந்தை எதிரணியிடம் விட்டுத் தற்காத்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு. இருவருக்கும் வந்த ஷாட்கள் ஒரே தரமா? அதை யாரும் கேட்கவில்லை.

கிளீன் ஷீட் விருதைத் தற்காப்பு வரிசை முழுவதற்கும் கொடுங்கள். கோல்டன் குளோவைத் தடுத்த கோல்களின் கணக்கில் கொடுங்கள். தோற்கும் அணியின் வலைக்கு முன்னால் வாராவாரம் பாய்ந்து விழுகிறவருக்கும் அது எட்டட்டும்.

அன்புடன்,
ஒரு கால்பந்து ரசிகன்