ஒரே சிடியில் முழுக் கல்யாணமும் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், வீட்டில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டுகளை சிடிக்கு மாற்றுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. விசிடி (படத்தை சிடியில் பதியும் பழைய முறை) காலாவதியாகிவிட்டது, டிவ்எக்ஸில் (படத்தை இன்னும் சுருக்கிப் பதியும் முறை) மாற்றினால் மூன்று மணி நேரமும் ஒரே சிடியில் அடங்கிவிடும் என்கிறது கட்டுரை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் பார்ப்பவர்களுக்கு அது சரி. நான் தண்டையார்பேட்டையில் டிவி, டெக் (கேசட் ஓட்டும் பெட்டி), பிளேயர் எல்லாம் ரிப்பேர் பார்ப்பவன். எங்கள் பக்கம் கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் பார்க்கும் வீடு அபூர்வம்.

ரிப்பேர் என்று வரும் பிளேயர்களில் பலவற்றில் ரிப்பேரே இருக்காது. போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா துணிப்பையில் விசிடி பிளேயரைப் போட்டு எடுத்து வந்தார். "லென்ஸு புட்டுக்கிச்சாண்ணா பாரு, புது சிடி போட்டா நோ டிஸ்க்குனுது" என்றார். என் கையில் இருந்த விசிடியைப் போட்டேன், ஜோராக ஓடியது. அவர் கொண்டு வந்த சிடியைக் கம்ப்யூட்டரில் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஏவிஐ ஃபைல், டிவ்எக்ஸ் படம் வழக்கமாக வரும் வகை. அவருடைய பிளேயர் தேடுவது எம்பெகேவி என்ற ஃபோல்டரையும், அதற்குள் டேட் என்று முடியும் ஃபைலையும். அது இல்லாத சிடி அந்தப் பெட்டிக்கு வெறும் சிடி. மாற்றிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் 'உங்கள் வீட்டில் என்ன பிளேயர்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அக்காவுக்கு ஆட்டோ செலவு மிச்சம்.

அதனால் நான் சொல்வது இதுதான். எந்த முறையில் சிடி போடுவது என்பதை அதை ஓட்டப் போகும் பெட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1993-இல் வந்த விசிடி அநேகமாக எல்லா விசிடி பிளேயரிலும் ஓடும். பெரும்பாலான டிவிடி பிளேயரிலும் ஓடும். டிவிடியோ விசிடி பிளேயரில் ஓடவே ஓடாது. அதைப் படிக்கும் லேசரே வேறு. விசிடி படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிதான், உண்மைதான். ஆனால் கேசட்டில் இருக்கும் படமே அப்படியொன்றும் கூர்மையானது இல்லை. அரசு 2006-இல் இருந்து இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவியில் போட்டுப் பார்த்தால் பெரிய குறை தெரியாது.

விசிடியில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட் (பதியும் தகவலின் அளவு) என்பது அதில் கட்டாய அளவு. ஐயர் உட்கார்ந்து மந்திரம் சொல்லும்போதும் அதே 1150, தாலி கட்டும்போதும் அதே 1150. தாலி கட்டும் நேரம் என்ன நடக்கும்? நாலா பக்கமும் அட்சதை பறக்கும், ஃபிளாஷ் பளிச் பளிச்சென்று அடிக்கும், கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும். அந்த அளவுக்குள் அத்தனையும் அடங்காமல் படம் கட்டம் கட்டமாக உடையும். கல்யாண சிடியில் எல்லாரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் இடமும் அதுதான்! பழைய கேசட்டின் புள்ளி மழை சேர்ந்தால் இன்னும் மோசம், இருக்கிற பிட்டை அந்தப் புள்ளிகளே தின்றுவிடும். டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அது டேப்பின் தடத்தில் சரியாகப் போகும்படி டிராக்கிங்கைச் சரி செய்து, புள்ளியை வடிகட்டிவிட்டு மாற்றினால் பாதித் தொல்லை தீரும். அவசரத்தில் யாரும் செய்வதில்லை. எங்கள் பகுதிக் கேசட்டுகளில் கடல் காற்றின் ஈரத்தில் பூஞ்சையும் பிடித்திருக்கும். மூடியைத் திறந்து டேப்பில் வெள்ளையாக ஏதும் தெரிகிறதா என்று பார்க்காமல் டெக்கில் தள்ளினால் ஹெட்டும் போகும், டேப்பும் போகும்.

சூப்பர் விசிடி என்று 1998 வாக்கில் சீனாவில் இருந்து வந்தது. படம் நன்றாக இருக்கும், ஆனால் முழுத் தரத்தில் ஒரு சிடியில் முக்கால் மணி நேரம்கூட நிற்காது. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு ஐந்து சிடி. ரிசப்ஷன் வருவதற்குள் நாலு முறை எழுந்து போய் சிடி மாற்ற வேண்டும். வேண்டவே வேண்டாம்.

டிவ்எக்ஸ் விஷயத்தில் கட்டுரை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. ஒரு சிடி கொள்ளும் 700 எம்பிக்குள் மூன்று மணி நேரத்தைத் திணித்தால் படம், சத்தம் இரண்டும் சேர்ந்தே நொடிக்கு ஐந்நூற்றுச் சொச்சம் கிலோபிட்தான் கிடைக்கும். சுத்தமான டிவிடியில் இருந்து எடுத்தால் தாக்குப்பிடிக்கும், புள்ளி விழுந்த கேசட்டுக்கு அது பட்டினிச் சாப்பாடு. ஆசைப்பட்டால் இரண்டு சிடியாகப் போடுங்கள். அதற்கு முன் பிளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், டிவி முன்னால் போட்டுப் பார்க்க மூன்று விசிடி. பத்திரமாக வைக்க, கேசட்டில் இருந்தே நேராக எடுத்த டிவிடி இரண்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றாக. வீட்டில் இன்றைக்கு டிவிடி பிளேயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பீரோவில் கிடக்கட்டும். விசிடியைத் திரும்ப டிவிடியாக மாற்றினால் போன தரம் வராது.

இன்னொன்று. கையில் சிடி வைத்திருந்தாலே போலீஸ் பிடிக்கும் என்று பயந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2004-இல் குண்டர் சட்டத்தில் சேர்த்தது திருட்டு வீடியோ தொழிலைத்தான். உங்கள் வீட்டுக் கல்யாணத்தை நீங்கள் நகல் எடுப்பதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஸ்டூடியோ நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசிடியா, டிவ்எக்ஸா, டிவிடியா என்று உறையின் மேல் தமிழில் எழுதிக் கொடுங்கள். சிடியின் மேலேயே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், பதிவாகும் படலம் அந்தப் பக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது. மாற்றி முடித்ததும், மேலே வேறு எதுவும் பதிவாகாமல் இருக்க, கேசட்டின் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டு, கேசட்டையும் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81